சிலிகான் ஷீட்டோடு பத்து மாதம்

என் இடது கையில், முழங்கைக்கு மேலே தொடங்கி மணிக்கட்டுக்குச் சற்று முன்னால் முடிகிற ஒரு தழும்பு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் பல மாதங்கள் ஒரே பொய்யைச் சொன்னேன்.

நான் கடலூரில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். என் கணவர் செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் அதிகம் பேசமாட்டார். நான் நாள் முழுக்கப் பேசிவிட்டு வருகிறவள் என்பதால் அது எனக்குக் குறையாகத் தெரிந்ததில்லை.

தை மாதத்தில் என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, புவனகிரியில் கட்டிய புது வீட்டுக்குக் குடிபோனார். காலையில் ஹோமம் முடிந்து பத்து மணிக்கெல்லாம் முதல் பந்தி உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் மண் தரையில் தகரக் கொட்டகை போட்டுச் சமையல். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். பந்தலிலிருந்து "ரசம் எங்கப்பா" என்று குரல் வந்தது. அப்போதுதான் இறக்கிய ரசக் குண்டான் அடுப்போரம் ஆவி பறக்க இருந்தது. "வா, நாமளே தூக்கிடலாம்" என்றார் என் கணவர். ஆளுக்கொரு காதை இரண்டு கையாலும் துணி வைத்துப் பிடித்துத் தூக்கினோம்.

நாலடி போயிருப்போம். அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் ஒரு கையை எடுத்தார். யோசித்துச் செய்ததில்லை. அடித்தால் எடுத்துப் பழகிய கை, தானாகப் பைக்குப் போனது. இன்னொரு கைக்கு அந்தக் கனம் தாங்கவில்லை. அவர் பக்கம் குண்டான் சாய, அவர் பதறிப்போய் முழங்காலைக் கொடுத்து முட்டித் தூக்கினார். உள்ளே இருந்த ரசம் என் பக்கம் திரும்பி என் கையில் கொட்டியது.

வலி உடனே தெரியவில்லை. புளியும் மிளகும் சேர்ந்த அந்த வாசனைதான் முதலில் தெரிந்தது. அதன் பிறகு நான் போட்ட சத்தத்தில் பந்தி பாதியில் எழுந்துவிட்டது. ஒருவர் பற்பசையோடு ஓடிவந்தார். இன்னொரு பெண்மணி இட்லி மாவைக் கிண்ணத்தில் எடுத்து வந்தார். பாடம் நடத்துகிறவளுக்கு அந்த நேரத்தில் பாடம் ஞாபகம் வந்தது ஆச்சரியம்தான். மோட்டார் போடச் சொல்லி, குழாய்த் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவர் நின்றிருந்தார். அவருடைய வேட்டியும் நனைந்துகொண்டிருந்தது. போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை.

சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதிய நர்ஸ், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டார். என் கணவர் என் பின்னால் நிற்பது தெரிந்தது. அவர் வாய் திறப்பாரா என்று ஒரு கணம் பார்த்தேன். பிறகு நானே, "கால் வழுக்கிடுச்சு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. விசேஷ வீடு, அவருடைய அக்கா வீடு, அத்தனை பேர் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்றவேண்டும் என்று தோன்றியிருக்கலாம். வீட்டுக்கு வந்தபின் அவர் என்னிடமாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து போனைச் சட்டைப் பையில் வைப்பதை மட்டும் விட்டுவிட்டார். அது வண்டி டேங்க் கவரில் கிடக்கும், இல்லையென்றால் அலமாரியில் கிடக்கும். நானும் எதுவும் கேட்கவில்லை.

காயம் ஆற ஐந்து வாரம் ஆனது. கட்டு மாற்றுவதற்காகச் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் போய்வந்தோம். ஒருவழியாகத் தோல் மூடியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் தழும்பு வளரத் தொடங்கியது. முதலில் ரோஸ் நிறத்தில் தட்டையாக இருந்தது. மாசி முடிவதற்குள் சிவந்து, மேடேறி, முழங்கை மடிப்பில் கயிறு முறுக்கிய மாதிரி இறுகிவிட்டது. கையை முழுதாக நீட்ட முடியவில்லை. வியர்த்தால் போதும், அரிப்பு. சொறியவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. முழுக்கை வைத்து மூன்று ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். ஆசிரியர் அறையில், "இந்த வெயில்ல எப்படிம்மா போட்டுக்கிற?" என்று கேட்டார்கள். குளிர்கிறது என்று சொன்னால் யார் நம்புவார்கள். சிரித்து வைத்தேன்.

பங்குனியில் மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனோம். என்னைவிட வயதில் சின்னவர், நிதானமாகப் பேசுகிறவர். தழும்பை விரலால் அழுத்தி, நிறம் வெளுத்துத் திரும்புவதைப் பார்த்துவிட்டு, "காயம் நல்லா மூடியிருக்கு. இனிமே சிலிகான் ஷீட் ஒட்டலாம்" என்றார்.

"அதுல மருந்து இருக்குமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. மருந்து எதுவும் கெடையாது. தோல் காஞ்சிபோகாம ஈரத்தைப் பிடிச்சி வைக்கும். தழும்பு அமுங்கும், மெத்துனு ஆகும், அரிப்பு கொறையும். ஆனா தெனம் ஒட்டணும். மொதல்ல நாலு மணி நேரம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, குளிக்கிற நேரம் தவிர எப்பவும். மாசக்கணக்கா."

"மறைஞ்சிடுமா?"

"மறையாது. அதை இப்பவே சொல்லிடறேன். இதைவிட நல்லா இருக்கும்."

அதுவரை ஒவ்வொரு முறையும் கதவோரம் நின்றுகொண்டே இருந்த என் கணவர் அன்று முதல் தடவையாக உள்ளே வந்து, மேசை அருகே நின்று கேட்டார்: "கழுவுனா எதுல காய வைக்கணும் மேடம்?"

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "காத்துலதாங்க. துணியால துடைச்சா நூல் ஒட்டிக்கும், அப்புறம் பிடிக்காது. லேசான சோப்பு, வெதுவெதுப்பான தண்ணி, ஒட்டற பக்கம் மேல இருக்கற மாதிரி வைங்க. தோல்ல சிவப்பா பொரிஞ்சா நிறுத்திட்டு என்கிட்ட சொல்லுங்க. திறந்த புண் மேல மட்டும் போடவே கூடாது."

என் கணவர் பேனா கேட்டு வாங்கி மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

கடலூரில் மருந்துக் கடைக்காரர் அதை வரவழைத்துக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. விலையைப் பார்த்து நான் தயங்கினேன். என் கணவர் தயங்கவில்லை. உறையைப் பிரித்தபோது உள்ளே இருந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய வில்லை. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பசை. தோல் உரித்த நுங்கைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படிக் குளிர்ச்சியாக இருந்தது.

அதை அப்படியே ஒட்ட முடியாது, அளவுக்கு வெட்டவேண்டும். அவர் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் கவரைப் பிரித்து என் கை மேல் விரித்தார். தழும்பின் ஓரத்தோடு பேனாவால் கோடு இழுத்துக்கொண்டே போனார். முழங்கை மடிப்பில் வந்ததும் நிறுத்தி, "வலிக்குதா?" என்றார். "இல்ல" என்றேன். அந்த விபத்துக்குப் பிறகு அவர் என் கையைத் தொட்டது அன்றுதான். தொடப் பயந்துகொண்டே இத்தனை நாள் தள்ளி நின்றிருக்கிறார் என்பது அப்போது புரிந்தது. ஆனால் என் கோபம் குறையவில்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் கொடுத்தேன்.

கோட்டைவிடக் கொஞ்சம் பெரியதாக வெட்டினார். முனைகளை வளைத்து வெட்டினார். கூர்முனை இருந்தால் அதுதான் முதலில் பிரியும் என்றார். ஆலையில் குழாய் மூட்டுகளில் கசியாமலிருக்க ரப்பர் வளையம் வெட்டிப் பழகியவர். மடிப்பில் தனியாக ஒரு துண்டு, மேலே ஒன்று, கீழே ஒன்று.

அன்றிலிருந்து அது அவருடைய வேலையாகிவிட்டது. காலை ஷிஃப்ட் வாரத்தில், அவர் வந்து குளித்து, நான் பள்ளியிலிருந்து திரும்பியதும் ஐந்து மணிக்கு. மதிய ஷிஃப்ட் வாரத்தில் நான் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன்னால். எந்த நேரமானாலும் முறை ஒன்றுதான். ஓரத்தில் பிடித்து மெதுவாக உரிப்பார். கையைக் கழுவி ஈரம் போகும்வரை காத்திருப்பார். ஷீட்டை விரல் நுனியால் தேய்த்துக் கழுவி, எவர்சில்வர் தட்டில் பசைப்பக்கம் மேலாக வைத்து, பலகாரத்தின் மேல் ஈ உட்காராமல் மூடுகிற வலைக்கூடையைக் கவிழ்த்துவிடுவார். எறும்பு ஏறாமல் தட்டைச் சுற்றித் தண்ணீர். அது காயும்வரை தழும்பை வட்டமாகத் தேய்த்துவிடுவார்.

ஒரு பழைய டைரியில் ஆலையின் லாக் புத்தகம் மாதிரியே எழுதி வந்தார். "5.10 எடுத்தது. 5.20 கழுவியது. தோல் நார்மல். 6.05 ஒட்டியது." ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டேன். "நான் என்ன பாய்லரா?" என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எழுதலனா எனக்கு நேரம் மறந்துபூடும்" என்றார். அத்தனை மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுவாகத்தான் இருக்கும்.

அக்கினி நட்சத்திரத்தில் எல்லாம் கெட்டது. கடலூர் வெயிலில் கடல்காற்று வருவதற்குள் உடம்பு நனைந்துவிடும். ஷீட்டுக்கு அடியில் வியர்வை தேங்கி, பசை பிடிக்காமல் நழுவி, விடுமுறையில் நடந்த சிறப்பு வகுப்பில் ஒருநாள் கரும்பலகைக்கு முன்னால் என் ஜாக்கெட் கைக்குள்ளிருந்து புத்தகத்தின் மேல் விழுந்தது. மறுநாள் தோலில் பொடிப்பொடியாகச் சிவப்பு. அவர் டாக்டருக்குப் போன் செய்து கேட்டார். மூன்று நாள் நிறுத்தி, பிறகு மறுபடி குறைந்த நேரத்திலிருந்து தொடங்கச் சொன்னார்களாம்.

மூன்று நாள் கழித்து அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தபோது நான் கையைக் கொடுக்கவில்லை.

"வேணாம் வுடுங்க. இத்தினி நாளு ஒட்டி என்ன ஆச்சு?"

"இப்பதான் ரெண்டு மாசம் ஆவுது."

"உங்களுக்கு இதை ஒட்டிட்டா மனசு சரியாயிடுது. எனக்கு ஆவல."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஒரு வாரம் நான் ஷீட் போடவே இல்லை. ஆனால் அவர் தினமும் அதைக் கழுவி, காயவைத்து, உறையில் போட்டு வைத்தார். யாரும் போடாத ஒன்றை எதற்குக் கழுவுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எட்டாம் நாள் வகுப்பில் அரிப்பு தாங்காமல் மேசை ஓரத்தில் கையைத் தேய்த்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த இரண்டு மாதமும் அரிப்பு எவ்வளவு குறைந்திருந்தது என்று தெரிந்தது. சாயந்திரம் வந்து, "கொண்டாங்க" என்றேன். அவர் டைரியில், "மீண்டும் தொடக்கம். 4 மணி நேரம்" என்று எழுதினார்.

ஆவணியில் திருவந்திபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்த நாளென்றால் அந்த ஊரில் பத்துப் பதினைந்து கல்யாணம் நடக்கும். கோயில் படிகளில் மாலையும் மேளமுமாக ஒரு ஜோடி இறங்கும்போதே அடுத்த ஜோடி ஏறிக்கொண்டிருக்கும். தாலி கட்டி முடிந்து மண்டபத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருந்தோம். புவனகிரியிலிருந்து நாத்தனாரும் வந்திருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஜாக்கெட் கை ஓரத்தில் பளபளவென்று தெரிந்ததைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் கட்டு பிரிக்கலியா? என்னா இது பிளாஸ்டிக்கு?"

"தழும்புக்கு ஒட்டறது அண்ணி. சிலிகான்."

"அன்னிக்கு நெதானமா நடந்திருந்தா இதெல்லாம் எதுக்கு? உனக்கு எப்பவும் அவசரம். புது வூட்ல மொத பந்தியே எழுந்துபோச்சு. இன்னிக்கு வரைக்கும் கேக்கறாங்க, என்னா ஆச்சு, என்னா ஆச்சுன்னு."

சுற்றிலும் நாலைந்து பேர் சொந்தக்காரர்கள். நாத்தனாரின் கணவரும் இருந்தார். நான் வழக்கம்போலச் சிரித்து வைக்கத் தயாரானேன். அப்போது என் கணவர், எனக்கு எதிரில் நாற்காலியில் இருந்தவர், சொன்னார்:

"அவ வழுக்கலக்கா. நான்தான் கைய வுட்டேன்."

நாத்தனார் புரியாமல் பார்த்தார்.

"போன் அடிச்சிது. எடுக்கறதுக்காகக் குண்டான வுட்டேன். சாஞ்சிது. முட்டித் தள்ளினேன், அவ மேல கொட்டிச்சு. எனக்காகத்தான் அவ வழுக்கிடுச்சுன்னு சொன்னா. நான் அதையே புடிச்சிக்கினு சும்மா இருந்துட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. மணி என்ன என்று சொல்வது போலத்தான் சொன்னார்.  நான் வேறு பக்கம் திரும்பினேன்.  நாத்தனாரின் கணவர்தான், "வுடு மச்சான், வேணும்னா செஞ்ச?" என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். அந்த ஆறுதல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

நாத்தனார் நெடுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் அந்தத் தரையத்தான் திட்டிக்கினு இருந்தேன். மண்ணுத் தரை, ஈரம், அதனாலதான் புள்ள வழுக்கி வுழுந்துடுச்சுன்னு மனசே கேக்கல. வைகாசியிலயே பின்னாடி பூரா சிமெண்டு போட்டுட்டேன், சொரசொரப்பா."

 என்னைத் திட்டிக்கொண்டே இருந்தவர் உள்ளுக்குள் தன் வீட்டுத் தரையைக் குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார். என் பொய்க்கு ஒருவர் கொத்தனாரை அழைத்து சிமெண்ட் பூசியிருக்கிறார். "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றேன். "எனக்கு எதுக்குடி மன்னிப்பு" என்று சொல்லி, என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். இலை போடும்வரை விடவில்லை.

திரும்பும்போது கெடிலம் பாலத்துக்குப் பக்கத்தில் அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஆற்றில் தண்ணீர் அதிகம் இல்லை. நாணல்தான் நிறைய இருந்தது.

"ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்டேன்.

ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வழுக்கிடுச்சுன்னு நீ சொன்னதும் எனக்கே அப்படித்தான் ஆச்சோன்னு இருந்துச்சு. அப்படியே இருந்துட்டா நல்லாருக்கும்னு தோணிச்சு. அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லணும்னுதான் வருவேன். உன் கையப் பாத்தா வாய் வராது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"ஆமா."

 நானும் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பொய்யை முதலில் நான் இரக்கத்தில்தான் சொன்னேன். ஆனால் பிறகு அதை விடாமல் வைத்திருந்தேன். அவர் ஷீட்டைக் கழுவும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் கழுவட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அதை அவரிடம் அன்று சொன்னேன். அவர், "தெரியும்" என்றார். கோபப்படவில்லை. வண்டியைக் கிளப்பினார்.

அன்று மாலையும் ஷீட்டைக் கழுவினோம். மாறியது ஒன்றே ஒன்றுதான். நான் ஜன்னலைப் பார்க்காமல் அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அந்த முக்கால் மணி நேரத்தில் பேச நிறைய விஷயம் கிடைத்தது. ஆலையில் யார் யாரோடு பேசுவதில்லை, மகள் போனில் எதை மறைக்கிறாள், ஓய்வு பெற்றபின் எங்கே இருப்பது. இருபது வருடத்தில் அவர் பேசாததை அந்த நாலு மாதத்தில் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன்.

தழும்பு நாளுக்கு நாள் மாறியது தெரியாது, மாதத்துக்கு மாதம் தெரிந்தது. சிவப்பு தணிந்து பழுப்பானது. மேடு அமுங்கியது. ஐப்பசி மழை நேரத்தில் ஒருநாள் கொடியில் துணி எடுக்கும்போது கை முழுதாக நீண்டுவிட்டதைக் கவனித்தேன். ஷீட்டுகள் பசை போகப் போகப் புதியது மாற்றினோம். மொத்தம் எத்தனை என்று அவருடைய டைரியில் இருக்கும்.

மார்கழியில் சிதம்பரம் போனபோது டாக்டர் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "போதும், இனிமே வேணாம். வெயில் படாம பாத்துக்குங்க, எண்ணெய் தடவித் தேச்சிவுடுங்க" என்றார். "நல்லா பாத்துக்கிட்டீங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் என் கணவரைக் கைகாட்டினேன். அவர் கூச்சத்தில் மருந்துச் சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். தரிசனத்துக்கு வந்த கூட்டத்தில் ஊரே நெரிசலாக இருந்தது. ஒரு ஹோட்டலில் இடம் பிடித்து இட்லியும் கத்திரிக்காய் கொத்சுவும் சாப்பிட்டோம். அவர் இரண்டாம் முறை கொத்சு கேட்டு வாங்கினார்.

தழும்பு இப்போதும் இருக்கிறது. வெயில் நாளில் கை முழுக்க வியர்க்கும்போது அந்த இடம் மட்டும் உலர்ந்து கிடக்கும். குட்டைக் கை ஜாக்கெட் தைத்துக்கொண்டேன். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு போனபோது வகுப்பில் முன்வரிசைப் பெண் ஒருத்தி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னா டீச்சர் அது?"

"சூடான ரசம் கொட்டிடுச்சு. நானும் எங்க வீட்டுக்காரரும் குண்டானத் தூக்கும்போது அவரு கைய வுட்டுட்டாரு."

"வலிக்குமா டீச்சர்?"

"இப்ப இல்ல."

"தொட்டுப் பாக்கலாமா?"

கையை நீட்டினேன். அவள் ஒரு விரலால் தொட்டுவிட்டு, "மெத்துனு இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவளும் தொட்டாள். பிறகு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அன்றைய பாடத்தின் தலைப்பை எழுதினேன்.